கரும்புச் செய்கையும் மண்ணின் காபனும்

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், பெல் கிளேட் என்னும் ஊரிலுள்ள விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் 1924ஆம் ஆண்டு சீமெந்துத் தூண் ஒன்று நிலத்துள் இறக்கப்பட்டது. ஒன்பது அடி நீளமான அத்தூணின் அடி கீழுள்ள பாறையிற் பொருந்தியிருந்தது. தலை நிலமட்டத்தோடு ஒத்திருந்தது. இன்று அத்தூணில் ஏறத்தாழ ஆறடி வெளியே தெரிகின்றது. தூண் மேலெழவில்லை, நிலமே கீழிறங்கிவிட்டது. நீர் வடிக்கப்பட்ட சதுப்பு மண்ணின் சேதனப் பொருள் ஒட்சிசனோடு சேர்ந்து காபனீரொட்சைட்டாகி அகன்றமையே இதற்குத் தலையாய காரணம். அந்நிலத்தில் இன்று மிகுதியாக விளைவது கரும்பு.

ஏனைய கரும்பு நிலங்களில் இத்தகைய இழப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. நிலமட்டம் மாறாதிருக்க, மண் தன் உள்ளிருப்பை ஆண்டுதோறும் சிறிது சிறிதாக இழக்கலாம். தக்க முறைகளைக் கையாண்டால் சிறிது சிறிதாக மீளப் பெறலாம். எந்தச் செய்கைமுறை இழப்புக்கும் எது மீட்புக்கும் வழிவகுக்கின்றது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். அத்துடன் இன்னொன்றையும் நோக்குதல் வேண்டும். கரும்பு வயலில் தீயிடுதல், வெட்டுதல், உழுதல் என்பன வெறும் தொழில்நுட்பத் தெரிவுகள் அல்ல. அவை ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய கூலியோடும் உடல்நலத்தோடும் பிணைந்தவை. மண்ணின் காபன் கணக்கை உழைப்பின் கணக்கிலிருந்து பிரித்து எழுதினால் அது அரைக் கணக்காகவே முடியும்.

மண்ணிற் காபன் தங்கும் முறை

தாவரம் ஒளித்தொகுப்பின் வழியே வளியிலிருந்து காபனைப் பெறுகின்றது. அதன் வேரும் இலையும் மண்ணிற் சேரும்போது பற்றீரியங்களும் பங்கசுக்களும் அவற்றை உணவாகக் கொள்கின்றன. உண்ட காபனின் பெரும்பகுதி அவற்றின் சுவாசத்தால் மீண்டும் வளியை அடைகின்றது. எஞ்சும் சிறுபகுதி உக்கலாகிக் களித் துணிக்கைகளோடு ஒட்டிக்கொள்கின்றது, அல்லது மண் திரள்களின் உள்ளே அடைபட்டு நுண்ணுயிர்களுக்கு எட்டாது நிற்கின்றது. எனவே மண்ணின் காபன் ஓடும் நீர் போன்றது; வரவும் செலவும் இடையறாது நிகழ்கின்றன. வரவு மிகின் இருப்பு உயரும். செலவு மிகின் தாழும். வெப்பமும் ஈரமும் மிகுந்த அயனமண்டலத்திற் செலவு விரைவாக நிகழும். மணல் மண்ணைவிடக் களிமண்ணே காபனைக் கூடுதலாகப் பற்றி வைத்திருக்கும்.

இவ்விருப்பின் பயன் காலநிலையோடு மட்டும் நின்றுவிடுவதில்லை. சேதனப் பொருள் குறைந்த மண் நீரைத் தாங்காது, இறுகும், போசணைகளைக் கழுவவிடும். அந்நிலத்தில் அதே விளைச்சலைப் பெற மேன்மேலும் பசளையும் நீரும் தேவைப்படும்.

கரும்பைப் பொறுத்தவரை ஒரு சிறப்பியல்பு உண்டு. ஒருமுறை கரணை நட்டால் முதல் வெட்டின் பின்னர் அடிக்கட்டையிலிருந்து மறுதாம்புப் பயிர் தழைக்கின்றது. பிறேசிலில் ஏறத்தாழ ஐந்து அல்லது ஆறு வெட்டுகளின் பின்னரே நிலம் உழப்பட்டு மீள நடப்படுகின்றது. ஆண்டுதோறும் உழப்படும் பயிர்நிலங்களோடு ஒப்பிடுமிடத்து இது மண்ணுக்கு நீண்ட ஓய்வாகும். அவ்வோய்வின் பயன் நிலைப்பதும் கெடுவதும் செய்கைமுறையைப் பொறுத்தன.

அளக்கும் வழி

காபன் இருப்பைக் கணிக்க மூன்று அளவீடுகள் தேவை: மண்ணிற் காபனின் சதவீதம், மண்ணின் தோற்ற அடர்த்தி, எடுத்துக்கொண்ட ஆழம். ஒரு ஹெக்டேயர் நிலத்தில் மேல் 30 சதமமீற்றர் மண்ணின் கனவளவு 3,000 கனமீற்றர். கனமீற்றர் ஒன்றின் நிறை 1.3 தொன் எனவும் காபன் 1.5 சதவீதம் எனவும் கொண்டால், மண்ணின் நிறை 3,900 தொன். அதிலுள்ள காபன் 58.5 தொன்.

இவ்வெளிய கணக்கு இரு எச்சரிக்கைகளைத் தருகின்றது. நல்ல செய்கைமுறையால் ஆண்டொன்றுக்கு ஒரு தொன் காபன் சேர்ந்தாலும், மண்ணின் காபன் 1.50 சதவீதத்திலிருந்து 1.53க்குக்கூட முழுமையாக உயராது. ஒரே வயலின் இரு மூலைகளுக்கிடையே உள்ள வேறுபாடு இதைவிடப் பெரிதாயிருக்கும். ஆகவே ஓராண்டு அளவீட்டைக் கொண்டு எதையும் நிறுவ முடியாது; பல்லாண்டுகள் வேண்டும். மற்றையது, பாரமான இயந்திரங்களால் மண் இறுகித் தோற்ற அடர்த்தி 1.4 ஆனால், அதே 30 சதமமீற்றரில் 63 தொன் காபன் இருப்பதாகக் கணக்கு வரும். காபன் சிறிதும் சேரவில்லை. மண் நெருங்கியதால் கீழிருந்த மண்ணும் அளவீட்டினுள் வந்துவிட்டது, அவ்வளவே. இதனாலேயே சம ஆழத்தை ஒப்பிடாது சம நிறையுள்ள மண்ணை ஒப்பிடுதல் வேண்டும் என ஆய்வாளர் வற்புறுத்துகின்றனர்.

மண்ணிலுள்ள காபன் எங்கிருந்து வந்தது என்பதையும் அறிய வழியுண்டு. காபன்-13 என்னும் பாரமான சமதானி இயற்கையிற் சிற்றளவில் உள்ளது. காட்டு மரங்களும் கரும்பும் வெவ்வேறு ஒளித்தொகுப்புப் பாதைகளைக் கையாள்வதால், கரும்பின் உடலில் இச்சமதானியின் விகிதம் சற்றுக் கூடுதலாகும். காடழித்துக் கரும்பு நடப்பட்ட மண்ணில் அவ்விகிதத்தை அளந்தால், பழைய காட்டுக் காபன் எவ்வளவு எஞ்சியுள்ளது, கரும்பு தந்த புதிய காபன் எவ்வளவு என்று பிரித்தறியலாம். பிறேசிலின் பிராசிக்காபா நகரிலுள்ள ஆய்வாளர் 1980களிலேயே இம்முறையைக் கரும்பு நிலங்களிற் பயன்படுத்தினர். முன்னர் வெப்பவலயப் புல்வெளியாக இருந்த நிலத்தில் இம்முறை அவ்வளவு உதவாது. அப்புல்லினங்கள் பலவும் கரும்பின் பாதையையே பின்பற்றுகின்றன.

முதற் கடன்

கரும்பு நிலத்தின் காபன் கணக்கு முதல் வெட்டில் அன்றி, அந்நிலம் கரும்புக்கு மாற்றப்பட்ட நாளிலேயே தொடங்குகின்றது. பிறேசிலின் தென்மத்தியப் பகுதியில் 135 இடங்களில் எடுக்கப்பட்ட மண் மாதிரிகளைக் கொண்ட ஆய்வொன்று 2014இல் வெளியாயிற்று. செராடோ எனப்படும் இயற்கைச் சவன்னா நிலத்தையோ மேய்ச்சல் நிலத்தையோ கரும்புக்கு மாற்றியபோது மண்ணின் காபன் குறைந்தது. ஏற்கெனவே வேறு பயிர் விளைந்த நிலத்தை மாற்றியபோது கூடியது. கரும்பிலிருந்து பெறும் எதனோல் பெற்றோலுக்குப் பதிலாக எரிக்கப்படுவதால் மிச்சமாகும் காபனைக் கொண்டு இவ்விழப்பை ஈடுசெய்ய, செராடோ நிலத்துக்கு 8 ஆண்டுகளும் மேய்ச்சல் நிலத்துக்கு 2 முதல் 3 ஆண்டுகளும் தேவை என அவ்வாய்வாளர் கணித்தனர். இவ்வெண்கள் மண்ணின் காபனை மட்டுமே கருதியவை. செராடோவின் மரஞ்செடிகளோடும் உயிரினங்களோடும் அழிந்தவை இக்கணக்கில் இல்லை.

புளோரிடாவின் கடன் இவ்வாறு தீராது. அங்குள்ள மண் பல்லாயிரம் ஆண்டுகளாக நீரினுள் மூழ்கி, ஒட்சிசன் இன்மையால் உக்காது சேர்ந்த தாவர எச்சமாகும். கால்வாய் வெட்டி நீரை வடித்தவுடன் நுண்ணுயிர்கள் அதனை உண்ணத் தொடங்கின. 1960இல் கியூபாவின் சீனிக்கு அமெரிக்கா தன் சந்தையை மூடியபின் புளோரிடாவின் கரும்புப் பரப்பு சில ஆண்டுகளுள் பன்மடங்காகியது. ஒரு புரட்சிக்கு எதிராக எடுக்கப்பட்ட வர்த்தக முடிவு, வேறோரிடத்து மண்ணில் இவ்வாறு எழுதப்பட்டது. நிலத்தடி நீர்மட்டத்தை உயர்த்தி வைத்தலும், கோடையில் நீரைத் தேக்கி நெல் பயிரிடுதலும் இழப்பைத் தாமதப்படுத்துகின்றன. அவை அதை நிறுத்தமாட்டா.

தீ வந்த வழி

வெட்டுக்கு முன் கரும்பு வயலுக்குத் தீயிடுதல் உலகின் பல நாடுகளில் வழக்கமாயிருந்தது. சிலவற்றில் இன்றும் உள்ளது. காய்ந்த இலையாகிய சோகை எரிந்துவிட, நீர் நிறைந்த தண்டு நிற்கும். சோகையின் காபனிற் பெரும்பகுதியும், நைதரசன், கந்தகம் என்பவற்றின் பெரும்பங்கும் வளியோடு போகும். பொற்றாசியமும் பொசுபரசும் பெருமளவு சாம்பலில் எஞ்சும். ஒன்றைத் தெளிவாகக் கூறுதல் தகும். எரியும்போது எழும் காபனீரொட்சைட்டு, அவ்வாண்டிலேயே கரும்பு வளியிலிருந்து பெற்றதாகும். ஆதலால் அது வளிக்குப் புதிய சேர்க்கை ஆகாது. மெதேன், நைதரசு ஒட்சைட்டு, கரித்துகள் என்பனவே தீயின் நேரடித் தீங்குகள். மண்ணைப் பொறுத்தவரை இழப்பு வேறு வகையது: வரவாக வந்திருக்க வேண்டியது வாராது போகின்றது.

இத்தீயை அறியாமையின் விளைவு எனக் கடிவோர் அதன் வரலாற்றை நோக்குதல் நன்று. அவுஸ்திரேலியாவின் வட குயீன்ஸ்லாந்தில் 1930களில் எரிக்கப்படாத வயல்களிற் கரும்பு வெட்டிய தொழிலாளர், எலிகளின் சிறுநீர் வழியாகப் பரவும் வெயில் நோய் என்னும் கொடிய காய்ச்சலுக்கு ஆளாயினர். வெட்டுமுன் வயலை எரிக்க வேண்டும் என்பது அவர்களது கோரிக்கையாயிற்று. 1934இல் இங்ஙம் பகுதியிலும் 1935இல் டலி முதலான பகுதிகளிலும் அதற்காக அவர்கள் வேலைநிறுத்தஞ் செய்தனர். அங்கே தீ தொழிலாளரின் உயிர்காப்பாக வயலுக்குள் வந்தது.

பிறேசிலின் சாவோ பாவுலோ மாநிலத்தில் நிலைமை வேறு. அங்கு வெட்டிய தொன்னுக்கே கூலி. எரிந்த வயலில் ஒருவர் வெட்டக்கூடிய அளவு எரியாத வயலில் வெட்டுவதைவிடப் பன்மடங்கு அதிகம். 1980களில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 6 தொன்னாயிருந்த சராசரி வெட்டு, 2000ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 12 தொன்னாகியது. 1984இல் குவாரிபா என்னுமிடத்தில், ஒவ்வொருவரும் வெட்டவேண்டிய வரிசைகள் ஐந்திலிருந்து ஏழாக உயர்த்தப்பட்டதை எதிர்த்துத் தொழிலாளர் கிளர்ந்தெழுந்தனர். அங்கே தீ உழைப்பை விரைவுபடுத்தும் கருவியாய் இருந்தது.

அம்மாநிலம் 2002இல் இயற்றிய சட்டம், தீயிடுதலை இயந்திரம் செல்லக்கூடிய நிலங்களில் 2021க்குள்ளும் ஏனையவற்றில் 2031க்குள்ளும் ஒழிக்க விதித்தது. 2007இல் அரசும் ஆலைகளும் செய்துகொண்ட உடன்பாடு அவ்வெல்லைகளை 2014க்கும் 2017க்கும் முன்னகர்த்தியது. நகர மக்கள் புகையிலிருந்து விடுபட்டனர். மண் சோகையைப் பெற்றது. ஆனால் எரியாத வயலைக் கையால் வெட்டுவிப்பதிலும் பார்க்க இயந்திரத்தால் வெட்டுவிப்பதே மலிவு. எனவே வெட்டுத் தொழிலாளரிற் பெரும்பாலோர் வேலையிழந்தனர். ஒரு சிலரே இயந்திர ஓட்டுநராக மாற முடிந்தது.

சோகை மண்ணுக்குத் தருவது

எரிக்காது வெட்டிய வயலில் ஹெக்டேயருக்கு 10 முதல் 20 தொன் வரை உலர் சோகை நிலத்தை மூடிக் கிடக்கும். 12 தொன் எனக் கொள்வோமாயின் அதிற் காபன் ஏறத்தாழ 5 தொன். அது முழுவதும் மண்ணைச் சேரும் என எண்ணுதல் தவறு. குயீன்ஸ்லாந்து ஆய்வுகளிற் சோகையின் 80 சதவீதத்துக்கு மேற்பட்ட பகுதி ஓராண்டுக்குள்ளேயே உக்கி மறைந்தது. பத்திலொரு பங்கே தங்குமாயின் ஆண்டு வரவு அரைத் தொன்.

கள ஆய்வுகள் இவ்வரையறையைத் தெளிவாக்குகின்றன. பிறேசிலில், எரிப்பதை நிறுத்திய வயல்களின் மேல் 30 சதமமீற்றரில் ஆண்டொன்றுக்கு ஹெக்டேயருக்குச் சராசரி 1.5 தொன் காபன் சேர்ந்ததாக 2011இல் வெளியான தொகுப்பாய்வு காட்டிற்று. மணல் மண்ணில் 0.73 தொன், களிமண்ணில் 2.04 தொன். அவுஸ்திரேலிய வயல்களில் விளைவு இதனிலும் அடக்கமானது. அங்கு காபன் கூடிய இடங்களிலும் அதிகரிப்பு மிகுதியும் மேலுள்ள சில சதமமீற்றர்களிலேயே காணப்பட்டது.

இவற்றுள் நீண்ட சான்று தென்னாபிரிக்காவிலிருந்து கிடைக்கின்றது. நேட்டாலின் மவுண்ட் எட்ஜ்கோமில் 1939இல் தொடங்கிய கள ஆய்வு, உலகில் நெடுங்காலம் தொடரும் கரும்பு ஆய்வுகளுள் ஒன்றாகும். எரித்த வயல், எரித்து நுனிகளை விட்டுவைத்த வயல், எரிக்காது சோகையால் மூடிய வயல் என்பன, பசளை இட்டும் இடாமலும் அங்கு அருகருகே பேணப்படுகின்றன. அறுபது ஆண்டுகள் கடந்து மண்ணை ஆராய்ந்தபோது, சோகை மூடிப் பசளையும் இட்ட துண்டுகளிற் காபன் மிகுந்தும், எரித்து நுனியும் அகற்றிப் பசளை இடாத துண்டுகளிற் குறைந்தும் இருந்தது. வேறுபாடு பெரும்பாலும் மேல் 10 சதமமீற்றரில் அடங்கியது. பசளையிட்ட துண்டுகளில் மண்ணின் அமிலத்தன்மையும் கூடியிருந்தது; ஒரு நன்மை இன்னொரு தீங்கோடு சேர்ந்தே வந்தது.

இந்நேட்டாலின் கரும்பு நிலங்கள் தமிழருக்கு அந்நியமானவை அல்ல. சென்னையிலிருந்து புறப்பட்ட 'தூரோ' என்னுங் கப்பல் 1860 நவம்பர் 16ஆம் நாள் டேர்பனை அடைந்தபோது, ஒப்பந்தக் கூலிகளாக முதலில் இறங்கியவருள் தமிழர் பலர். அம்மாகாணத்தின் காட்டையும் புல்வெளியையும் கரும்பு வயலாக்கிய உழைப்பிற் பெரும்பங்கு அவர்களுடையது. மண்ணின் ஆய்வேடுகளில் அவர்தம் பெயர்கள் இல்லை.

உழவும் இயந்திரமும்

ஐந்தாறு ஆண்டுகள் சோகையாற் சேர்த்ததை ஒரே உழவு குலைத்துவிடக்கூடும். மீள நடுமுன் நிலத்தை ஆழ உழும்போது மண் திரள்கள் உடைகின்றன. உள்ளே அடைபட்டிருந்த சேதனப் பொருள் நுண்ணுயிர்களுக்கு எட்டுகின்றது. உழுத மண்ணிலிருந்து காபனீரொட்சைட்டு மிகுந்து வெளிவருதலைப் பிறேசில் வயல்களில் அளந்துள்ளனர்.

தீயை அகற்றிய இயந்திரமே இவ்வுழவைத் தேவையாக்கியது என்பதும் கவனித்தற்குரியது. அறுவடை இயந்திரமும் கரும்பேற்றும் வண்டிகளும் மண்ணை இறுக்குகின்றன. இறுகிய மண்ணைத் தளர்த்த ஆழ உழவு வேண்டியிருக்கின்றது. அவுஸ்திரேலியாவில் 1993இல் தொடங்கிய கூட்டாய்வுத் திட்டமொன்று விளைச்சல் வீழ்ச்சியின் காரணங்களை ஆராய்ந்தபோது, இடைவிடாத தனிப்பயிர்ச் செய்கை, இயந்திரப் பாரம், மிகை உழவு ஆகிய மூன்றையும் ஒருங்கே கண்டது. கரும்பு வரிசைகளின் இடைவெளி ஏறத்தாழ 1.5 மீற்றராகவும் சக்கரங்களின் இடைவெளி 1.8 மீற்றருக்கு மேலாகவும் இருந்தமையால் சக்கரங்கள் பயிர் வரிசையின் மேலேயே சென்றன. வரிசையை அகலித்துச் சக்கரத் தடத்தை நிலையாக்குதல், இரு கரும்புச் சுற்றுகளுக்கிடையே சோயா, நிலக்கடலை போன்ற அவரையினப் பயிரை வளர்த்தல், நடும் வரிசையை மட்டும் உழுதல் என்பன அத்திட்டம் பரிந்துரைத்த வழிகள்.

ஆலைக்குச் செல்வதும் திரும்பி வருவதும்

சோகையை எரிக்காது விட்டதும் அதற்கு வேறொரு விலை கிடைத்தது. பிறேசில் ஆலைகள் அதைத் திரட்டி மின் உற்பத்திக்கும், 2014 முதல் செலுலோசிலிருந்து எதனோல் வடிக்கவும் பயன்படுத்தலாயின. தீ கொண்டுசென்றதை இப்போது கொதிகலன் கொண்டுசெல்கின்றது. மண்ணைக் காக்க ஹெக்டேயருக்குக் குறைந்தது ஏறத்தாழ 7 தொன் சோகையாவது நிலத்தில் விடப்படவேண்டும் என்பது ஆய்வாளர் பலரது பரிந்துரை. மணல் மண்ணிலும் சரிவான நிலத்திலும் அதனிலும் கூடுதலாக வேண்டும்.

மாறாக, ஆலையிலிருந்து வயலுக்குத் திரும்பக்கூடியனவும் உள. சாற்றை வடிகட்டும்போது எஞ்சும் கசடு காபனும் பொசுபரசும் மிக்கது; எதனோல் வடிசாலைக் கழிவுநீர் பொற்றாசியம் நிறைந்தது. இவற்றை அளவறிந்து இடுதல் மண்ணை வளப்படுத்தும். சோகை மூடிய ஈர மண்ணில் நைதரசன் பசளையும் இக்கழிவுநீரும் ஒருங்கே சேரின் நைதரசு ஒட்சைட்டு மிகுதியாக வெளிவரும். நூறாண்டுக் கணக்கில் இவ்வாயு காபனீரொட்சைட்டைவிட 273 மடங்கு வெப்பந் தேக்கவல்லது. ஆகவே காபனை மட்டும் எண்ணிப் பச்சைவீட்டு வாயுக்களின் கணக்கை முடித்தல் இயலாது.

முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து பெறத்தக்க முடிவுகள் சில. இயற்கை நிலத்தையும் நீர் தேங்கிய சேதன மண்ணையும் கரும்புக்கு மாற்றாதிருத்தலே முதற் காப்பு. எரிக்காது வெட்டுதல் மண்ணுக்கு நன்மை தரும். குறைந்த உழவும் மாற்றுப் பயிரும் அந்நன்மையை நிலைக்கச் செய்யும். இவ்வாறு சேரும் காபன் முடிவின்றி உயர்வதில்லை. சில பத்தாண்டுகளில் வரவும் செலவும் புதிய சமநிலையை அடையும். முறை கைவிடப்படின் சேர்ந்தது மீண்டும் வளிக்கே செல்லும். மண்ணில் காபனைச் சேர்த்ததாகக் கூறி அதனைச் சந்தையில் விற்க முனைவோரிடம், எவ்வளவு ஆழத்தில், எத்தனை ஆண்டு அளந்தீர், அடுத்த உழவுக்குப் பின் எவ்வளவு எஞ்சும் என்று வினவுதல் அறிஞர் கடன்.

இன்னொரு வினாவும் உண்டு. லீபிக்கின் மண் ஆய்வுகளைக் கற்ற மார்க்ஸ், நிலத்தையும் உழைப்பாளியையும் ஒருங்கே வறிதாக்கும் வேளாண்மை பற்றி 1867இலேயே எழுதினார். இன்று அவ்வொற்றுமை சற்றுத் திரிந்து நிற்கின்றது: நிலத்தை வளப்படுத்தும் மாற்றமொன்று உழைப்பாளியை வறிதாக்கவுங் கூடும் என்பதைச் சாவோ பாவுலோ காட்டியது. தீயை நிறுத்திய சட்டம் ஆண்டெல்லைகளை விதித்தது. வேலையிழக்கும் வெட்டுத் தொழிலாளருக்கு நிலமோ வேலையோ அதே உறுதியோடு விதிக்கவில்லை. இலங்கையின் உலர் வலயத்திலும் செவனகல, பெல்வத்தை, ஹிங்குரான முதலிய இடங்களிற் கரும்பு விளைகின்றது. வெப்பம் மிகுந்த அம்மண்ணிற் சோகையைக் காப்பது எவ்வாறு என்பதோடு, அதைக் காக்கும் உழைப்புக்குக் கூலி கொடுப்பவர் யார் என்பதும் ஆராயப்படுதல் வேண்டும். குயீன்ஸ்லாந்தில் வயலை எரிக்கக் கோரிய தொழிலாளர் மண்ணின் பகைவர் அல்லர். எரிக்காத வயலில் அவர்கள் பாதுகாப்பாக நின்று வேலை செய்யும் வழி எவராலும் அமைத்துக் கொடுக்கப்படவில்லை. அவ்வழியை அமைப்பதும் மண்ணியலின் நடைமுறைப் பணிகளுள் ஒன்றெனவே கொள்ளுதல் தகும்.